சாவி திரும்பாத கார்: பூட்டுருளையைப் பழுதறிந்து மாற்றும் முறை

காரை இயக்க விரும்புபவர் முதலில் தொடுவது ஸ்டியரிங்கையன்று, பிரேக்கையுமன்று, சாவியையே ஆகும். அச்சாவி நுழையும் துளை விரல் நுனியளவே உள்ளது. அதனுள்ளிருக்கும் சிறிய உருளை கெட்டுவிட்டால், எஞ்சின் நன்றாயிருந்தும், பெட்ரோல் நிறைந்திருந்தும், வண்டி நின்ற இடத்தைவிட்டு நகராது. அது பொறுக்கத் தக்க துன்பமே. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அதே பூட்டு ஒழுங்கு தவறுமாயின், ஸ்டியரிங் இறுகிப்போய் உயிருக்கே கேடு விளையலாம். இந்த இரு காரணங்களாலும் அப்பூட்டின் அமைப்பை அறிந்திருத்தல் நலம்.

மாணவர் கைக்கு எட்டும் கார் பெரும்பாலும் இருகை, முக்கை மாறி வந்த பழைய காராகவே இருக்கும். ஊர்மொழி இன்னும் நாவில் படியாத நிலையில் பட்டறைக்குச் சென்று, “சாவி போடும் இடம் கெட்டுவிட்டது” என்று மட்டும் கையைக் காட்டிச் சொன்னால், எந்த உறுப்பு கெட்டதென்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் எதிரிலிருப்பவரிடம் போய்விடும். கெடாத உறுப்புக்கும் சேர்த்து நாம் விலை கொடுக்க நேரும். உறுப்புகளின் பெயரையும் அவை செய்யும் தொழிலையும் அறிந்தவருக்கு இந்த இடர் இல்லை. ஆகவே மாற்றும் முறையைக் காணுமுன், எதனை மாற்ற வேண்டும் என்று அறியும் முறையைக் காண்போம்.

சாவி வந்த வரலாறு

தொடக்கத்தில் கார் எஞ்சினைக் கையால் சுற்றியே இயக்கினர். முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றும்போது, எஞ்சின் திடீரென்று எதிர்த்து உதைத்தால் கை முறியும். இத்துன்பத்தை நீக்கியது மின்சார ஸ்டார்ட்டர் மோட்டார். அமெரிக்கப் பொறியியல் அறிஞர் சார்லஸ் கெட்டரிங் ஆக்கிய இதனைக் காடிலாக் கம்பெனி 1912-ஆம் ஆண்டுக் கார்களில் பொருத்தி விற்றது. அதன் பின்னும் நெடுங்காலம் சாவி வேறு, ஸ்டார்ட்டர் பொத்தான் வேறு என்றே இருந்தன. ஒரே சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பும் முறையைக் கிரைஸ்லர் கம்பெனி 1949-இல் கொண்டுவந்தது.

பின்னர்த் திருட்டைத் தடுக்க, சாவியை எடுத்தவுடன் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. டாஷ்போர்டில் இருந்த சாவித்துளை அதனால் ஸ்டியரிங் தண்டின் அருகே இடம் பெயர்ந்தது. மின்சாரத்தைத் திறக்கும் சாவி, சக்கரத்தைத் திருப்பும் தண்டையும் திறக்கும் சாவியாயிற்று. நம் வேலையின் அருமையும் ஆபத்தும் இந்த இணைப்பிலேயே அடங்கியுள்ளன.

ஒரு துளை, நான்கு உறுப்புகள்

வெளியே தெரிவது ஒரு துளைதான். உள்ளே தொழில் புரிவனவோ நான்கு.

முதலாவது சாவி. அதன் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளங்களே அதன் எழுத்துகள்.

இரண்டாவது பூட்டுருளை. இது ஒரு கூட்டுக்குள் சுழலும் சிறிய உலோக உருளை. அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு துளை உண்டு. துளையின் உயரம் தகட்டுக்குத் தகடு மாறும். சாவி இல்லாதபோது சிறு ஸ்பிரிங்குகள் தகடுகளை வெளியே தள்ளுகின்றன. தகடுகளின் நுனி கூட்டிலுள்ள பள்ளத்தில் இறங்குவதால் உருளை சுழலாது. உரிய சாவி நுழைந்தால் ஒவ்வொரு தகடும் தனக்குரிய பள்ளத்தில் அமர்ந்து, உருளையின் விளிம்போடு சமமாக நிற்கும். அப்போது உருளை சுழலும். ஒரே ஒரு தகடு மயிரிழையளவு தூக்கி நின்றாலும் சுழலாது.

மூன்றாவது ஸ்டியரிங் பூட்டு. இதில் நாக்குப் போன்ற இரும்புத் துண்டு ஒன்று உண்டு. சாவியை எடுத்தால் அது ஸ்டியரிங் தண்டிலுள்ள பள்ளத்தில் பாயும். சாவியைத் திருப்பினால் பின்வாங்கும்.

நான்காவது மின்சார ஸ்விட்சு. இது உருளையின் பின்புறத்தில் இருக்கிறது. உருளை திரும்பும்போது இதனுள் செப்புத் தொடர்புகள் கூடியும் பிரிந்தும், விளக்கு, எஞ்சின், ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தருகின்றன.

பட்டறையில் பலரும் இந்த நான்கையும் சேர்த்தே ‘இக்னிஷன் ஸ்விட்ச்’ என்று சொல்லிவிடுவர். கடைக்காரர் கதவுப் பூட்டுகளையும் சேர்த்து ‘லாக் செட்’ என்று ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். நமக்கு வேண்டியது ஸ்விட்சா, உருளையா, முழுப் பூட்டா, செட்டா என்பதை நாமே அறிந்து கேட்கவேண்டும். இவற்றின் விலைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும்.

பழுது எங்கே?

சாவி நுழைகிறது, ஆனால் திரும்பவில்லை. இதுவே மிகப் பலர் கூறும் குறை. இங்கே உடனே உருளையைக் குற்றம் சொல்லலாகாது. வண்டியை நிறுத்தும்போது சக்கரம் நடைமேடை விளிம்பில் உரசி நின்றிருந்தால், தண்டு பூட்டு நாக்கை ஒருபுறமாக அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே மற்றொரு கையால் சாவியைத் திருப்புக. திரும்பிவிட்டால் பழுது ஒன்றுமே இல்லை. திரும்பாவிட்டால், அதிகம் வழங்காத மாற்றுச் சாவியைக் கொண்டு முயல்க. அது எளிதில் திரும்புமானால் தேய்ந்தது சாவியே, உருளையன்று. மாற்றுச் சாவியும் திரும்பாதபோதுதான் உருளையை ஐயுற வேண்டும்.

சாவி திரும்புகிறது, எஞ்சின் கிளம்பவில்லை. இங்கே உருளை தன் கடமையைச் செய்துவிட்டது. முன்விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மிகவும் மங்கினால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பார்க்க வேண்டும். விளக்கு மங்காமல் ஒளிர்ந்தும் ஸ்டார்ட்டர் அசையாவிட்டால் குறை ஸ்விட்சிலோ, வயரிலோ, ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது. இதற்காகப் பூட்டுருளையை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது போன்றதாகும்.

எஞ்சின் ஓடும்போதே சாவியைக் கையோடு எடுக்க முடிகிறது. அல்லது வேறு எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்புகிறது. இது உருளைத் தகடுகளின் முற்றிய தேய்மானம். வண்டி ஓடுகிறதே என்று இதனைப் பொறுத்துக்கொள்ளலாகாது. பூட்டு பெயரளவில்தான் பூட்டாக இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது சாவியைச் சற்றே அசைத்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. இது ஸ்விட்சின் தொடர்புகள் தளர்ந்ததைக் காட்டும். நிறுத்திய வண்டியில் மட்டுமே இச்சோதனையைச் செய்க. இக்குறை உள்ள வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது.

எஞ்சின் கிளம்பிய பின்னும் சாவி தானாகப் பின்வாங்காமல் ஸ்டார்ட்டர் சுழன்றுகொண்டே இருக்கிறது. மீட்சி ஸ்பிரிங்கு முறிந்திருக்கலாம், உருளை இறுகியிருக்கலாம். உடனே சாவியைக் கையால் பின்னுக்குத் திருப்புக. தாமதித்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துபோகும்.

மாற்றுமுன் செய்யத் தக்கவை

உருளை இறுகியிருப்பதாகத் தோன்றினால் முதலில் அதைத் துப்புரவு செய்க. எண்ணெய் ஊற்றுவது பலருடைய வழக்கம். எண்ணெய் அன்றைக்கு இளக்கம் தரும். பிறகு தூசியை ஈர்த்துச் சேறாக்கித் தகடுகளைச் சிக்க வைக்கும். பூட்டுக்கு ஏற்றது உலர்ந்த கிராபைட்டுத் தூள். பென்சில் கரியைச் சுரண்டிப் போடுவோரும் உளர். பென்சில் கரியில் கிராபைட்டுடன் களிமண்ணும் கலந்திருப்பதால் அது இதற்குச் சிறந்ததன்று.

சாவி தேய்ந்திருந்தால், அத்தேய்ந்த சாவியையே கடையில் கொடுத்துப் படி எடுக்கச் சொல்வதால் பயன் இல்லை. படி எடுக்கும் எந்திரம் தேய்மானத்தையும் சேர்த்தே படி எடுக்கும். பழுதில்லாத மாற்றுச் சாவியிலிருந்து எடுக்க வேண்டும். அல்லது வண்டி வாங்கும்போது சாவியுடன் தந்த எண்ணைக் கொண்டு புதிதாக வெட்டுவிக்க வேண்டும்.

வேறொருவர் பூட்டை நெம்பித் திருட முயன்றதால் பழுது நேர்ந்திருந்தால், எதையும் கழற்றுமுன் படம் எடுத்துக்கொண்டு போலீசில் புகார் செய்க. இன்சூரன்சு கேட்பதற்கு அது வேண்டியிருக்கும்.

சாவியின் தலை தடித்த பிளாஸ்டிக்காக இருந்து, டாஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு ஒன்று எரிந்தணையுமானால், சாவிக்குள் மின்னணுச் சில்லு இருக்கலாம். அத்தகைய காரில் புதுச் சாவி உருளையைத் திருப்பும். எஞ்சினை ஓட விடாது. பழைய சில்லைப் புதுச் சாவிக்கு மாற்றவோ, புதுச் சில்லை வண்டிக்கு அறிமுகம் செய்யவோ வேண்டும். ஸ்டியரிங்கில் காற்றுப்பை உள்ள காரையும் நாமே பிரிக்க முற்படுதல் தகாது. அவற்றைப் பட்டறைக்கே விடுக.

மூவகை அமைப்பு

பழைய கார்களில் பூட்டு பொருத்தப்படும் முறை மூவகைப்படும். முதல் வகை, முற்கால அம்பாசடர்களில் உள்ளதுபோல டாஷ்போர்டில் அமைந்தது. முன்புற வளையத்தைக் கழற்றி, பின்புற வயர்களுக்கு அடையாளச் சீட்டுக் கட்டிப் பிரித்தால் ஸ்விட்சு கையோடு வந்துவிடும்.

இரண்டாம் வகையில் உருளை மட்டும் தனியே கழலும். கூட்டில் ஒரு சிறு துளை இருக்கும். சாவியைப் போட்டு முதல் நிலைக்குத் திருப்பி, துளைவழியே மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் முளையை அழுத்திக்கொண்டு இழுத்தால் உருளை வெளிவரும். இம்முறைக்குச் சாவி திரும்பியாக வேண்டும். முற்றிலும் இறுகுமுன் மாற்றுவதே அறிவுடைமை என்பதற்கு இது ஒரு சான்று.

மூன்றாம் வகையில் முழுப் பூட்டும் ஸ்டியரிங் தண்டின் கூட்டோடு தலையற்ற போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். 1983 டிசம்பர் முதல் 2014 ஜனவரி வரை நம் நாட்டில் உற்பத்தியான மாருதி 800 போன்ற சுசுகி வழி வந்த கார்களில் காணப்படுவது இதுவே. நம் நாட்டுச் சாலைகளில் மிகப் பலர் கண்ட கார் அதுவாதலால், அதன் வேலை முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

வேலை முறை

வேண்டிய கருவிகள்: திருப்புளி, ஸ்பேனர், சென்டர் பஞ்ச், சிறு சுத்தியல், கண்ணாடி, கைவிளக்கு. கண்ணாடி இங்கே அழகுக்கன்று. தெறிக்கும் இரும்புத் துகளிலிருந்து கண்ணைக் காப்பதற்கு.

ஒன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க. பாட்டரியின் எதிர்முனை வயரை முதலில் கழற்றுக. ஸ்விட்சுக்கு வரும் வயர்களில் சில, சாவி இல்லாதபோதும் மின்சாரம் தாங்கியவை. இதை மறந்தால் ஒரு பொறி போதும், வயர்கள் எல்லாம் கருகிவிடும்.

இரண்டு. ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையின் திருகுகளை அடிப்புறத்திலிருந்து கழற்றி, உறையைப் பிரித்தெடுக்க. திருகுகளை ஒரு தட்டில் கழற்றிய ஒழுங்கிலேயே வைக்க.

மூன்று. ஸ்விட்சிலிருந்து வரும் வயர்களின் கப்ளரைப் பிடித்துக் கழற்றுக. வயரைப் பிடித்து இழுக்காதீர்.

நான்கு. போல்ட்டுகளை அடைய இடம் போதாவிடில், தண்டைத் தாங்கும் நட்டுகளைத் தளர்த்திச் சற்றுக் கீழிறக்க வேண்டியிருக்கும். பின்னர் அவற்றை முழு இறுக்கத்துக்கு மீட்க மறவாதீர்.

ஐந்து. போல்ட்டுகளைப் பாருங்கள், தலை இராது, வட்டமான முளையே தெரியும். தொழிற்சாலையில் இறுக்கும்போதே தலை முறிந்துவிழும்படி அவை செய்யப்பட்டவை. திருடன் ஸ்பேனர் போட இயலாமைக்கே இந்த ஏற்பாடு. சென்டர் பஞ்சை முளையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, இடப்புறச் சுழற்சியாகத் தட்டித் தட்டித் திருப்புக. அசையாவிடில் உளியால் ஒரு கீறு வெட்டித் திருப்புளியால் திருகலாம். அதுவும் இயலாவிடில் நடுவில் துளையிட்டே எடுக்க வேண்டும். ஓங்கி அடிக்கலாகாது. ஸ்டியரிங் தண்டும் அதன் தாங்கிகளும் கோணிவிட்டால், பூட்டைச் சீர் செய்யப்போய்ப் பெரிய கேட்டைத் தேடிக்கொண்டவர் ஆவோம். பொறுமையை மிகுதியும் வேண்டுவது இவ்விடமே.

ஆறு. பழைய பூட்டையும் புதிய பூட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுக. நாக்கின் வடிவு, போல்ட்டுத் துளைகளின் இடைவெளி, கப்ளரின் ஊசிகள் எல்லாம் ஒத்திருத்தல் வேண்டும். பெட்டியின் மீதுள்ள எண் ஒத்திருப்பது மட்டும் போதாது.

ஏழு. புதிய சாவியைப் போட்டு ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் நாக்கு உள்ளடங்கும். அந்நிலையிலேயே பூட்டைத் தண்டின் கூட்டில் அமர்த்துக. நாக்கு நுழைய வேண்டிய துளைக்கு நேரே அது நிற்றல் வேண்டும். புதிய போல்ட்டுகளைக் கையளவு இறுக்கத்தோடு நிறுத்துக. தலையை இப்போதே முறித்துவிடாதீர்.

மூன்று சோதனைகள்

அவசரக்காரர் போல்ட்டுத் தலையை முறித்துவிட்டுப் பிறகு சோதிப்பர். குறை கண்டால் மீண்டும் உளியும் சுத்தியலும் எடுக்க நேரும். ஆகவே சோதனை முன், முறிப்பது பின்.

முதற் சோதனை: சாவியை ‘லாக்’ நிலைக்குத் திருப்பி வெளியே எடுத்து, ஸ்டியரிங்கைச் சுழற்றுக. ஓரிடத்தில் நாக்கு விழுந்து பூட்ட வேண்டும்.

இரண்டாம் சோதனை: சாவியைப் போட்டு ‘ஆன்’ நிலையில் வைத்து, ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை முழுதும் சுழற்றுக. எங்கும் உரசலோ, தட்டலோ இருத்தல் ஆகாது. ஓடும் வண்டியில் நாக்கு தண்டைத் தொடாது என்பதற்கு இதுவே சான்று. ஒரு முறை செய்து அமையாமல் பத்து முறை பூட்டித் திறந்து பார்க்க. உயிர் காக்கும் சோதனை இது.

மூன்றாம் சோதனை: கப்ளரைச் செருகி, பாட்டரி வயரை இணைத்து, கியரை நடுநிலையில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் விளக்கும் எஞ்சினும் ஒழுங்காக வருகின்றனவா என்று காண்க. எஞ்சின் கிளம்பியதும் சாவி தானே பின்வாங்க வேண்டும். சாவியை அசைத்தாலும் எஞ்சின் நிற்கலாகாது.

மூன்றிலும் தேறிய பின்னரே பாட்டரி வயரை மறுபடி கழற்றி, போல்ட்டுத் தலைகள் முறியும் வரை இறுக்குக. முறிந்தபின் இரண்டாம் சோதனையை மீண்டும் ஒரு முறை செய்க. பிறகு உறையை மூடி, பாட்டரியின் எதிர்முனையைக் கடைசியாக இணைக்க.

இப்போது இயக்குவதற்கு ஒரு சாவி, கதவுக்கு ஒரு சாவி என இரண்டு ஆகிவிடும். இது பிடிக்காதவர் லாக் செட் முழுவதும் வாங்கலாம். அதற்கு முன், தேர்ந்த பூட்டுக்காரரிடம் ஒரு சொல் கேளுங்கள். உருளை பிரிக்கத் தக்கதாயின், தகடுகளை மாற்றி அடுக்கிப் பழைய சாவிக்கே புதிய உருளையை இணக்கித் தர அவரால் இயலும்.

சாவிக்கொத்தின் பாரம்

சிறு உறுப்பு என்று இதனை இகழ்ந்ததால் வந்த பெருங்கேடு ஒன்று அண்மைக் கால வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-இல் சுமார் 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அக்கார்களின் ஸ்விட்சில் சாவியை நிலைநிறுத்தும் ஸ்பிரிங்கு முளை போதிய வலுவின்றி இருந்தது. சாவிக்கொத்தின் பாரமோ, ஓட்டுநர் முழங்கால் பட்ட அதிர்வோ சாவியை ‘ஆன்’ நிலையிலிருந்து பின்னுக்குத் தள்ளிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும், மின்சாரம் அற்றதால், மோதலின்போது காற்றுப்பையும் விரியாது. கம்பெனி அமைத்த நட்டஈட்டு நிதி 124 மரணங்களை இக்குறையால் நேர்ந்தவை என்று ஏற்றுக்கொண்டது.

இதில் நாம் கருதத் தக்க மற்றொரு செய்தியும் உண்டு. அந்த முளையை 2006-இல் நீளமாக்கி வலுப்படுத்தினர். ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. ஆதலால் பழைய ஸ்விட்சும் புதிய ஸ்விட்சும் ஒரே எண்ணைத் தாங்கி நின்றன. இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. எண்ணை மட்டும் நம்பாமல் உறுப்பையே ஒப்பிடுக என்று மேலே கூறியது இதுபற்றியே.

ஆகவே கார்ச் சாவியோடு அறைச் சாவி, பெட்டிச் சாவி, பித்தளைப் பொம்மை எல்லாம் கோத்துத் தொங்கவிடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். ஒவ்வொரு குலுக்கலிலும் அக்கொத்து உருளையைத் தேய்க்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவோரும் உண்டு. அவர்கள் சில துளிப் பெட்ரோலுக்கு ஸ்டியரிங் பூட்டைப் பணயம் வைக்கிறார்கள். சக்கரம் உருளும்வரை சாவி ‘ஆன்’ நிலையிலேயே இருத்தல் வேண்டும்.

இத்தனையும் படித்த பின் எல்லாரும் சுத்தியலை எடுக்க வேண்டும் என்பதில்லை. பட்டறைக்காரரிடமே கொடுக்கலாம். ஆனால் ஸ்டியரிங்கை அசைத்தும், மாற்றுச் சாவியைப் போட்டும், விளக்கை எரித்தும் பழுதின் இடத்தை அறிந்துகொண்டு செல்லுங்கள். உருளையா, ஸ்விட்சா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுக்குமுன், நின்ற வண்டியிலேயே அந்த மூன்று சோதனைகளையும் உங்கள் கையால் செய்து பாருங்கள். பிறகு வண்டியில் ஏறி அமரும் நண்பர்கள் உங்களை நம்பி அமரலாம்.